கதிரேசனுக்கு ஊற்றிய டீ

குரு கோகிலவாணிக்கு வயது முப்பத்தொன்று. அவளிடம் கம்ப்யூட்டர் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலை பழக வந்த சீடர் சென்னியப்பனுக்கு ஐம்பத்து மூன்று. குருவை அவர் ‘மேடம்’ என்பார். சீடரை அவள் ‘அண்ணா’ என்பாள். ஈரோட்டுப் பக்கம் ஒரு பால் கம்பெனி அது. அங்கே வயதைப் பார்த்துக்கொண்டிருந்தால் பால் திரிந்துவிடும்.

எந்த வண்டி எந்த ஊருக்குப் போய்ப் பால் எடுக்க வேண்டும் என்று டிரைவர்களின் செல்போனுக்குச் செய்தி அனுப்புவது அந்த சர்வர்தான். ஒரே வாரத்தில் மூன்று முறை அது படுத்துவிட்டது. மூன்று முறையும் திரையில் வந்தது ஒரே வரி: ‘நினைவகத்தில் இடமில்லை.’ மூன்று முறையும் சென்னியப்பன் கூடுதல் மெமரி வாங்கிப் போட்டார். இரண்டு நாள் ஓடும். அப்புறம் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும்.

கடைசியாகப் படுத்தபோது நானூறு லிட்டர் பால் கெட்டுப்போனது. இன்னொரு முறை நடந்தால் பழையபடி கேன் கழுவும் இடத்துக்கே போக வேண்டியதுதான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. மாலைப் பாலுக்கு வண்டிகள் கிளம்புவது நான்கு மணிக்கு. இப்போது மணி இரண்டரை. மெமரி எண்பது சதவீதம் நிரம்பியிருந்தது.

“மேடம், எவ்வளவு மெமரி போட்டாத்தானுங்க இதுக்குப் போதும்?”

கோகிலவாணி கேன்டீன் பிளாஸ்கைத் திறந்து ஒரு டம்ளரில் டீ ஊற்றி நீட்டினாள்.

“இதைக் கொஞ்சம் பிடிங்கண்ணா.”

பிடித்தார். இன்னொன்று வந்தது. அதையும் பிடித்தார். மூன்றாவது வந்தபோது விரல் சுட்டது.

“ஒரு தட்டு இருந்தாப் பரவால்லீங்க.”

தட்டு வந்தது. ஆறு டம்ளரில் அது நிறைந்துபோனது.

“கொஞ்சம் பெரிய தட்டாக் கெடைக்குங்களா?”

அதுவும் வந்தது. பதினோராவது டம்ளர் விளிம்பில் தள்ளாடி, சூடு டீ அவர் சட்டையில் சிந்தியது. சென்னியப்பனுக்குப் பொறுமை போய்விட்டது.

“அட, யாருக்குங்க மேடம் இத்தனை டீ?”

“நம்ம ஆபீஸ் கதிரேசனுக்குத்தான்.”

“அத்தனையுமா? அவரு இன்னைக்கு லீவுங்களே!”

“ஆமாங்கண்ணா. அவர் வந்து வாங்கிக்கிற வரைக்கும் பிடிச்சிட்டிருங்க.”

சென்னியப்பன் தட்டை மேசையில் வைத்துவிட்டுத் திரைக்கு ஓடினார். யார் யாருக்கு எத்தனை செய்தி காத்துக் கிடக்கிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்தார். இத்தனை நாளில் அந்தப் பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

டிரைவர்கள் பெயருக்கு நேரே எல்லாம் பூஜ்யம். கடைசி வரியில் மட்டும் மூன்று லட்சம் செய்திகள். அது ஸ்டோர் ரூமில் இருக்கும் பதிவுக் கம்ப்யூட்டர். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு நகல் அதற்குப் போகும். அது வாங்கிக்கொள்ளும் வரைக்கும் சர்வர் அந்த நகலைத் தன் மெமரியிலேயே சுமந்துகொண்டிருக்கும்.

ஸ்டோர் ரூமைத் திறந்தார். கம்ப்யூட்டரின் நெற்றியில் சந்தனம், குங்குமம். மேலே காய்ந்த சாமந்தி மாலை. ஆயுத பூஜை முடிந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. மறுபூஜை ஆகாமல் எந்த மெஷினையும் தொடக்கூடாது என்று நிறுத்திவைத்த புண்ணியவான் வேறு யாருமில்லை, அவரேதான். மற்றதற்கெல்லாம் மறுநாளே பூஜை போட்டு ஓடவிட்டார். பூட்டிக்கிடந்த ஸ்டோர் ரூமை மறந்தே போனார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒரு கட்டி கற்பூரம் காட்டி, சுவிட்சைப் போட்டார்.

எண்பது அறுபதானது. அறுபது முப்பதானது. நான்கு மணிக்கு முதல் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டியது. சென்னியப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் மனதுக்குள் ஒரு சின்னக் குறை உறுத்திக்கொண்டே இருந்தது.

“இருந்தாலும் மேடம், இடமில்லைன்னு அதுவேதானுங்க மூணு தடவை சொல்லுச்சு? அதை நம்பித்தான நான் இடம் வாங்கிக் கொடுத்தேன்?”

கோகிலவாணி சிரித்தாள்.

“இடமில்லைன்னுதான் சொல்லுச்சுங்கண்ணா. இடம் கொடுன்னு கேக்கலையே.”