மதகில் மாட்டாத ஒற்றன்

நண்டுத்துறையில் கடலை ஒட்டி ஒரு பழைய கோட்டை இருக்கிறது. பாதி மதிலைக் கடல் தின்றுவிட்டது. மீதியில் ஆடு மேய்கிறது. அது புதுசாக நின்ற காலத்தில் மகரவழுதி என்று ஒரு ராஜா. அவர் சபையில் பூதலிங்கன் என்று ஒரு விகடன். ஆள் குட்டை, தொந்தி பெரிது. வாய் அதைவிடப் பெரிது.

ஒருநாள் தளபதி மல்லரையன் மீசையை முறுக்கினான். "மன்னா, நம்மைக் கேட்காமல் இந்தக் கோட்டைக்குள் ஈ கூட நுழையாது. மதிலோரம் ஒற்றன் எவனாவது நின்றால், கண் மூடித் திறப்பதற்குள் உங்கள் காலடியில் கிடப்பான்!"

பூதலிங்கனுக்கு வாய் சும்மா இருக்குமா? "ஈ நுழையாது சரி. நான் நுழைவேன்."

ராஜா விடவில்லை. "பொழுது சாய்வதற்குள் என் முன்னால் வந்து நில். உனக்கு வாசல் திறக்காது. தோற்றால் அரண்மனைச் சாப்பாடு இனி உனக்குக் கிடையாது."

வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். பதவி போனாலும் போகட்டும், சாப்பாடு போகலாமா?

மதிலில் ஏறப் பார்த்தான். தொந்தி முந்திக்கொண்டு போய் மதிலில் முட்டியது, கை எட்டவில்லை. கடல் பக்கம் தண்ணீர் போகிற மதகில் தலையை விட்டான். தலை போனது. தோளும் போனது. தொந்தி வரமாட்டேன் என்றது. உருவிக்கொண்டு வெளியே வந்தால் உச்சி முதல் கால் வரை சேறு. பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது.

"அரண்மனைச் சோறு வளர்த்த தொந்தி, அந்தச் சோற்றுக்கே உலை வைக்குதே!" என்று தலையில் அடித்துக்கொண்டான். சேறு தெறித்தது. அதைப் பார்த்தான். சிரித்தான்.

ஒரு குச்சியை எடுத்து, மதிலை அண்ணாந்து பார்ப்பதும் மணலில் கோடு போடுவதுமாக உட்கார்ந்துவிட்டான்.

"ஏய்! என்னடா வரையறே?" என்று மேலிருந்து காவலன் கத்தினான்.

"கோட்டைப் படம்ங்க. பக்கத்து ராஜா கேட்டாரு. நான் ஒற்றன்."

"அவன் வாயாலேயே சொல்றான் பாரு!"

"பார்த்தா தெரியாதுன்னுதான் சொன்னேன்."

நாலு பேர் ஓடி வந்து பிடித்தார்கள். வாசல் திறந்தது. தரதரவென்று உள்ளே இழுத்துப் போனார்கள். தளபதியே முன்னால் நடந்தான். "மன்னா, பாருங்கள், ஒற்றன்! சொன்னேனே!"

ஒற்றன் முகத்தைத் துடைத்தான்.

"பூதலிங்கா! எப்படியடா உள்ளே வந்தாய்?"

"எனக்கு வழி தெரியலை மன்னா. தளபதிதான் கூட்டிட்டு வந்தாரு."

ராஜா கிரீடம் சரியச் சிரித்தார். "என்ன வேண்டும், கேள்!"

"இனிமேல் ஒற்றனைத் தூக்கிட்டு வரச் சொல்லுங்க. இழுத்தா முட்டி தேயுது. இப்போதைக்கு, இலையைப் போடச் சொல்லுங்க."

அந்த மதகு இன்றைக்கும் இருக்கிறது. கோட்டை பார்க்கப் போகிற தொந்திக்காரர்கள் தலையை விட்டுப் பார்க்காமல் வருவதில்லை. மாட்டிக்கொண்டால், வாசலில் இருக்கிற காவலர் வந்து உருவிவிடுவார். டிக்கெட் வாங்கியிருக்கிறார்களா என்று முதலில் பார்த்துக்கொள்வாராம்.