கேழ்வரகு மூட்டையில் லித்தியம்

லித்தியம் தேடி கொக்கரைமலையில் கூடாரம் போட்ட அதிகாரி வைகுந்தநாதனுக்குக் கருவிகள் எப்போதும் பளபளக்க வேண்டும். அதற்காக, மண்ணெடுக்கும் துளைக்கருவிக்குத் தினமும் கிரீஸ் தடவச் சொன்னார். "வேண்டாங்க, மண்ணுல ஒட்டும்" என்ற கூலியாள் மாதம்மாளிடம், "எனக்கே பாடமா?" என்று சீறினார்.

சோதனை முடிவு வந்தது. எடுத்த மண் பைகள் எல்லாவற்றிலும் லித்தியம்! அதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை.

"அடிவாரத்து ஊரையே காலி பண்ணணும்! மாதம்மா, இதைவிட அதிகமா இருக்கிற இடத்தைச் சாயங்காலத்துக்குள்ள காட்டு. இல்லேன்னா உனக்கு வேலை இல்ல."

அடிவாரம் அவளுடைய ஊர். மறுபேச்சில்லாமல் போனவள், அரைமணியில் ஒரு பை பழுப்புத் தூளோடு வந்தாள். சோதித்துப் பார்த்தால், மற்ற பைகளெல்லாம் அதனிடம் பிச்சை வாங்க வேண்டும்!

"எந்த இடம்? சொல்லு, சொல்லு!" என்று துள்ளினார் அதிகாரி.

"நீங்க கூழ் குடிக்கிற கேழ்வரகு மாவுங்க. சமையல் கூடாரத்து மூட்டையில நம்ம கருவியாலதான் துளைச்சேன்" என்றவள், கிரீஸ் டப்பாவை அவர் மேஜைமேல் வைத்தாள். அதில் கொட்டை எழுத்தில் 'லித்தியம் கிரீஸ்' என்றிருந்தது.

அதிகாரி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தார். மாதம்மாள் தொடர்ந்தாள்.

"எங்க ஊரை அப்புறம் பாத்துக்கலாங்க. மொதல்ல உங்க அடுப்பங்கரையைக் காலி பண்ணிக் குடுங்க, தோண்டணும்."