சும்மா பார்த்தது

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், வீல் அலைன்மென்ட் கடையின் மாடியில், பெனினா டீச்சர் ஹேக்கிங் சொல்லிக்கொடுத்தார். திருடுவதற்கு அல்ல. திருடன் வரும் வழியை அவனுக்கு முன்னால் கண்டுபிடித்து வீட்டுக்காரனிடம் சொல்வதற்கு.

மாணவர்களில் மூத்தவர் சுடலைமணி. நாற்பத்தாறு வயது. நடத்திவந்த லாரி புக்கிங் ஆபீசை இழுத்து மூடிவிட்டு இதைப் படிக்க வந்தவர். டீச்சர் அவரை அண்ணே என்பார். டீச்சருக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு.

ஒரு கூட்டுறவு வங்கி தன் கம்ப்யூட்டர்களைச் சோதித்துப் பார்க்க எழுத்தில் அனுமதி கொடுத்திருந்தது. மறுநாள் டீச்சர் போகிறார். கூட ஒருவரை அழைத்துப் போகலாம். அந்த ஒருவர் தானாக இருக்க வேண்டும் என்று சுடலைமணிக்குத் தவிப்பு. இரண்டு வருஷமாக அவரை யாரும் எந்த வேலைக்கும் கூப்பிடவில்லை.

வகுப்பு முடிந்து மற்றவர்கள் படியிறங்கியதும் லேப்டாப்பை டீச்சர் பக்கம் திருப்பினார்.

"ஒண்ணு காட்டணும் டீச்சர்."

"என்ன அண்ணே, பக்கத்து வீட்டு வைஃபையை உடைச்சிட்டீங்களா? பாஸ்வேர்டை அவங்களே கதவுல ஒட்டியிருப்பாங்க, போய்ப் பாருங்க."

"விளையாடாதீங்க. இது பெருசு. நம்ம ஊரு லேப்."

ரத்தம், சர்க்கரை, ஸ்கேன் என்று ஊரே போகிற லேப் அது. ரிப்போர்ட்டைப் போனுக்கு லிங்க்காக அனுப்புவார்கள். சர்க்கரை பார்க்கப் போனபோது சுடலைமணிக்கும் வந்தது. லிங்க்கின் கடைசியில் ஓர் எண். அதில் ஒன்றைக் கூட்டிப் போட்டார். அடுத்தவருடைய ரிப்போர்ட் வந்து நின்றது.

"பூட்டே இல்ல டீச்சர். நம்பரை மாத்துனா ஊரே தெரியுது."

"எத்தனை பேரைப் பார்த்தீங்க?"

"எண்ணல. சும்மாதான் பார்த்தேன்."

"லேப்ல கேட்டீங்களா?"

"திறந்து கிடக்கிற வீட்டுக்கு யார்கிட்ட கேக்க? நான் ஒண்ணையும் எடுக்கல. ஒருத்தர்கிட்டயும் சொல்லல. சும்மா பார்த்ததுல என்ன டீச்சர் தப்பு? நெசமாத்தான் கேக்கேன்."

டீச்சர் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"ஒரு நம்பர் சொல்றேன். போடுங்க."

மனப்பாடமாக, ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார். சுடலைமணி உற்சாகமாகத் தட்டினார். தன்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தார்.

பக்கம் திறந்தது. பெனினா சாமுவேல். பெண். முப்பத்தொன்று.

"அட, உங்களுதும் இருக்கே!" என்று சிரித்தார்.

கண் கீழே இறங்கியது. பயாப்சி. அதற்கும் கீழே ஒரு வரி. ஆங்கிலத்தில்தான் இருந்தது. ஆனால் அந்தச் சொல்லை அவர் தன் அக்காவின் கடைசி வருஷத்தில் எழுத்துக் கூட்டிப் படித்திருந்தார்.

சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. அதை எப்படி எடுப்பதென்று தெரியவில்லை.

கீழே கடையில் யாரோ சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

படாரென்று லேப்டாப்பை மூடினார்.

"டீச்சர்... இது... எப்ப?"

"போன வாரம்."

"வீட்ல?"

"அம்மாவுக்கு இன்னும் சொல்லல. எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சிட்டே இருந்தேன். நீங்க முந்திட்டீங்க."

"நான் மூடிட்டேன் டீச்சர். மூடிட்டேன்."

"லேப்டாப்பைத்தான்."

டீச்சர் போனை எடுத்து லேப் மேனேஜரைக் கூப்பிட்டார். ஓட்டை எங்கே இருக்கிறது, எப்படி அடைப்பது என்று நிதானமாக விளக்கினார். "ஆமா, என் மாணவர்தான். கேக்காம பார்த்துட்டார். பொறுப்பு என்னோடது," என்றார்.

சுடலைமணி கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முந்தாநாள் பார்த்த பக்கங்கள் இப்போது ஒவ்வொன்றாக முகத்தோடு எழுந்து வந்தன. மளிகைக் கடைக்காரர். மகனோடு படித்த பையனின் அம்மா. பெயரைக்கூடக் கவனிக்காமல் தள்ளிவிட்ட ஒரு சின்னப் பிள்ளை. ஒருவரையும் விரட்ட முடியவில்லை.

போனை வைத்த டீச்சர், "சாயங்காலத்துக்குள்ள அடைச்சிருவாங்களாம்," என்றார்.

சுடலைமணி கேட்டார். "அப்ப நாளைக்கு பேங்க்குக்கு நான் வர வேண்டாமா டீச்சர்?"

"உங்க வீட்டுக்காரம்மா என்னைக் கடைத்தெருவுல பாக்கும்போதெல்லாம் கேப்பாங்க, ஏன் இப்படி இளைச்சிட்டே போறேன்னு. என்னைப் பத்தி உங்ககிட்டயும் கேப்பாங்கல்ல?"

"தினம் கேப்பா."

"இன்னிக்கும் கேப்பாங்க, அண்ணே. இன்னிக்கு உங்களுக்குப் பதில் தெரியும். நீங்க என்ன சொன்னீங்கன்னு நான் கேக்க மாட்டேன். வரலாம்னு உங்களுக்கே தோணுச்சுன்னா, காலையில வாங்க."