பெஞ்சோடு படித்தவர்கள்

பூங்காவனம் படித்தது அஞ்சாம் வகுப்பு. நிற்பதோ பேராசிரியர் திருமேனியின் அறையில். மகன் வீரமுத்துவுக்கு வருகை குறைவு. ஏன் குறைந்தது என்று அவள் வந்து சொல்ல வேண்டுமாம். ஒரு வார்த்தை தப்பினால் அவன் பரீட்சை எழுத முடியாது. எங்கே ஆரம்பித்தாலும் தப்பாகத்தான் முடியும்போலிருந்தது.

நடந்தது இதுதான். இனிமேல் ஒரு நாள் வகுப்பு காலேஜில், மறுநாள் வீட்டிலிருந்தே போனில் என்று அறிவித்தார்கள்.

"வீடுதானேன்னு பாயில புரளக் கூடாது. வகுப்புல எப்படி உட்காருவீங்களோ அப்படியே உட்காரணும்" என்றார் திருமேனி.

அன்று சாயங்காலமே வீரமுத்துவும் அவன் கூட்டாளிகள் சூசைராஜும் கலைநேசனும் வகுப்புப் பெஞ்சைத் தூக்கிவந்து அவள் அடுப்படியில் போட்டார்கள்.

"ஏன்டா, நம்ம வீட்ல நாற்காலி இல்லையா?"

"வகுப்புல நாற்காலியாம்மா போட்டிருக்கு?" என்றான் வீரமுத்து, பொறுமையாக.

மறுநாள் மூவரும் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"போனை எதிர்ல வைக்கலாமா?"

"சார் நின்னுக்கிட்டுல்ல நடத்துவாரு? ஒசரத்துல கட்டுடா."

போன் பரணில் தொங்கியது. திருமேனிக்கு மூன்று உச்சந்தலைகள்தான் தெரிந்தன. ஆப்சென்ட் போட்டார்.

அடுத்த நாள் காலேஜ். பெஞ்சைக் கண்டக்டர் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார்.

"நான் மட்டும் முன்னாடி போயி உட்காரட்டுமா?" என்றான் கலைநேசன்.

"எதுல உட்காருவ?" என்றான் சூசைராஜ்.

நியாயம்தான். தூக்கிக்கொண்டு நடந்தார்கள். போய்ச் சேர்வதற்குள் வகுப்பு முடிந்து, சாரே வீட்டுக்குப் போயிருந்தார். மறுநாள் வீட்டு வகுப்பாயிற்றே, பெஞ்சோடு திரும்பினார்கள். மாதம் முழுக்க இதே கதை.

நடுவில் காலேஜ், இந்த ரெண்டும் கலந்த படிப்பு எப்படி என்று மாணவர் கருத்தைக் கேட்டது. "ரெண்டுமே நல்லாருக்கு. பெஞ்சுதான் கனம்" என்றார்கள் மூவரும். காலேஜும் அந்தக் கருத்தை மதித்து, கனம் குறைந்த பெஞ்சு வாங்க ஒரு குழு போட்டது.

"சொல்லுங்கம்மா" என்றார் திருமேனி. "உங்க பையன் இருந்தது வீட்லயா, காலேஜ்லயா?"

வீடு என்றால் காலேஜுக்கு வரவில்லை என்பார். காலேஜ் என்றால் போன் வகுப்பில் இல்லை என்பார். ரோட்டில் என்றால் யார் நம்புவார்கள்?

பூங்காவனம் அவர் மேசைக்கு எதிரே நின்றபடியே, "சார், நீங்க பேசறது விட்டுவிட்டுக் கேக்குதுங்க" என்றாள். பிறகு வாயைப் பாதி திறந்தபடி, தூக்கிய கை தூக்கியபடி, அசையாமல் நின்றுவிட்டாள்.

திருமேனி எழுந்து, "அம்மா, இப்பக் கேக்குதா?" என்று கத்திப் பார்த்தார்.

"ச்சே, சிக்னல் போயிடுச்சு. சிக்னலே நிக்காத குடும்பத்துல பிறந்த பிள்ளை எப்படி வகுப்புக்கு வரும்?" என்று மனமிரங்கி, மூவருக்குமே வருகை போட்டார்.

வாசலில் நின்ற பயல்கள் உள்ளே வந்து அவளைக் கட்டைபோலத் தூக்கிக்கொண்டு போனார்கள். கேட்டைத் தாண்டியும் அவள் இமைக்கவில்லை. எதற்கு வம்பு?