முதல் முளை

அந்த நகரம் ராத்திரி ஓர் அளவில் படுத்துக் காலையில் இன்னோர் அளவில் எழுந்திருக்கும். எல்லைக் கல்லே மூச்சிரைக்க ஓடியதாகக் கேள்வி.

ஓடவைத்தவர்களில் பூவராகனும் ஒருவன். அவன் போட்ட நகர் ஒவ்வொன்றுக்கும் ஒரே வாசல். உள்ளே தெருவெல்லாம் மதிலில் போய் முட்டி நிற்கும். குறுக்கே ஒரு பயல் வர முடியாது. மனைகள் பறந்தன.

இன்று அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. இருந்ததிலேயே பெரிய நகர் இது. பூசாத செங்கல் மதில் எழும்பிவிட்டது. தெருவுக்கு நூல் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி. பந்தலில் மனை வாங்க வந்த கூட்டம். குரு தில்லைவனம் முதல் முளை அடிக்காமல் அவன் எதையும் தொடங்குவதில்லை.

இரும்பு முளையையும் சுத்தியலையும் நூற்கண்டையும் அவர் காலடியில் வைத்தான்.

"ஐயா, இதைவிட நல்ல தெரு போட முடியுமா? சொல்லுங்க!"

குரு மூக்கை உறிஞ்சினார். மதிலுக்கு அப்பால் எண்ணெய் சொய்யென்றது.

"மெதுவடை. சூடா ரெண்டு வாங்கிட்டு வா. அப்புறம் அடிக்கிறேன்."

"சுல்தான் பாய் கடை! இதோ, சுவருக்கு அந்தப் பக்கந்தானே!"

ஓடினான். வாசல், நெடுஞ்சாலை, மேம்பாலம். அடுத்த நகருக்குள் புகுந்து குறுக்கே போகப் பார்த்தான். காவலாளி மறித்தார்.

"யாரைப் பார்க்கணும்?"

"யோவ், இந்த நகரைப் போட்டதே நான்தான்!"

"அப்ப உங்களுக்கே தெரியுமே சார், உள்ள போனா வழி கிடையாதுன்னு."

மறுபடியும் நெடுஞ்சாலை. ஒருவழியாகக் கடையைப் பிடித்து, வந்த வழியே திரும்பி ஓடினான். வந்து சேர்ந்தபோது சட்டை நனைந்திருந்தது, வடை ஆறிப்போயிருந்தது. பந்தலில் பாதி நாற்காலி காலி.

குரு சூடான வடையை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தார்.

மதிலில் ஒரு செங்கல்லைக் காணோம். அந்த ஓட்டை வழியாகத் தேநீர்க் குவளையோடு ஒரு கை நீண்டது.

"ஐயா, சர்க்கரை போதுமா பாருங்க."

"ஐயோ, என் மதில்!" பூவராகன் அலறினான். "ஐயா, முளை எங்கே?"

"அடிச்சாச்சே." குரு ஓட்டையைக் காட்டினார். அதன் வழியே நூல் விறைப்பாக ஓடியது; இந்த நுனி அவர் கால் கட்டைவிரலில் சுற்றியிருந்தது.

"அந்த நுனியை பாய் பிடிச்சிருக்கார். அவருக்கு அடுப்பு வேலை கிடக்கு. சட்டுனு இந்த நுனியைப் பிடி."