வயிரியின் ஏழு குட்டிகள்

ஒரு காட்டில், வெகு காலத்துக்கு முன், மூங்கில் துளையில் காற்று நுழைவது போல ஒரு முனகல் எழுந்து, ஒவ்வொரு குரலாக அடங்கியது. மழைக்காலக் கழிச்சலில் செத்துக்கொண்டிருந்த பன்றிக்குட்டிகளின் முனகல் அது. அவற்றின் உடன்பிறப்பான வயிரி நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு மட்டும் வயிறுகூட வலிக்கவில்லை.

அந்த முனகலை வயிரி மறக்கவில்லை. ஆனால் வளர வளர அதற்குத் தலைகால் புரியவில்லை. "அந்தக் கிருமி என் குடலில் ஒட்டாது. என் பிறவியே அப்படி!" என்று சொல்லித் திரிந்தது.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த குட்டிகள், கழிச்சலில் விழுந்து பிழைத்த தாயிடம்தான் முதல் சீம்பாலைக் குடிக்க வேண்டும்.

அக்கரையிலிருந்து வந்த ஆண் பன்றியை மணந்து, வயிரி ஏழு குட்டிகள் ஈன்றது. அதே நாளில் மெலிச்சியும் ஈன்றிருந்தது. மெலிச்சி மழைக்கு மழை கழிச்சலில் விழுந்து, எலும்பும் தோலுமாக எழுந்த பன்றி.

"வயிரி, குட்டிகளை இப்படி அனுப்பு. என்னிடம் குடிக்கட்டும்" என்றது மெலிச்சி.

"போடி நோயாளி! நடந்தால் உன் எலும்பு கடகடக்கிறது. உன் பால் என் பிள்ளைகளுக்கா? அவை என் ரத்தம்!"

"உன் ரத்தம் மட்டுமா? போன மழையில் அவற்றின் அப்பா கழிச்சலில் கிடந்த கிடையை மறந்துவிட்டாயா?"

"வாயை மூடு!"

மூன்றாம் நாள் மழை பிடித்தது. நான்காம் நாள் காலையில் ஒரு குட்டி எழுந்திருக்கவில்லை. உச்சிப் பொழுதுக்குள் மொத்தம் நான்கு போயின. வயிரி ஒவ்வொன்றையும் மூக்கால் புரட்டிப் பார்த்தது. எல்லாம் சில்லிட்டிருந்தன. அதே சேறு, அதே தண்ணீர். தனக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லையே! பத்தடி தள்ளி மெலிச்சியின் குட்டிகள் முட்டி மோதிப் பால் குடித்துக்கொண்டிருந்தன.

மிஞ்சிய மூன்றையும் வயிரி மூக்கால் தள்ளிக்கொண்டு ஓடியது.

"அக்கா! மெலிச்சியக்கா! வயிறு முட்ட என் பாலைத்தானே குடித்தன!"

"குடித்தன. நீ அந்த நோயோடு ஒருநாளும் மல்லுக்கட்டியதில்லையே. உன் பாலில் மருந்து எப்படியடி ஊறும்?" என்ற மெலிச்சி, தன் குட்டிகளை ஒதுக்கிவிட்டு ஒருக்களித்துப் படுத்தது.

வயிரி மூன்று குட்டிகளையும் அதன் மடியில் சேர்த்தது.

காலம் கடந்து குடித்ததால், அன்று மாலைக்குள் மூன்றில் இரண்டு செத்தன. ஒன்று பிழைத்தது. அது மெலிச்சியை அம்மா என்று அழைத்து வளர்ந்தது.

நீதி: துன்பம் தன்னைத் தீண்டவில்லை என்று இறுமாந்து, துன்பப்பட்டுத் தேறியவரை இகழாதே.