சோறு விழாமல் கை வைக்காதே

ஏமாங்குளத்துக்காரர்களைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பிவிடாதீர்கள். நடந்தது அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும்.

அந்த ஊர் பூவராகனுக்கு மனசில் ஒரு முள். அவருடைய கல்யாணப் பந்தியில் மணப்பெண் செங்கமலம் முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோன நேரத்தில், வரிசைக் கடைசியில் இருந்த ஒரு பெரியப்பா ஏப்பம் விட்டு எழுந்துவிட்டார். பந்தியே எழுந்தது. செங்கமலமும் கவளத்தை இலையில் போட்டுவிட்டு எழுந்தாள். "கல்யாணச் சாப்பாடு சாப்பிடாத கல்யாணப் பொண்ணு நான்தாங்க" என்று ஒவ்வொரு கல்யாண நாளிலும் சிரித்துக்கொண்டே சொல்வாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்தச் சிரிப்புதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது.

இருபத்தைந்தாவது வருஷம் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பட்டணத்திலேயே விலை கூடிய ஓட்டலுக்குப் போன் போட்டார்.

"ஏழு வகை விருந்து சார். நீங்க வந்து உட்கார்ந்தா மட்டும் போதும், மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்" என்றது ஒரு தேன் குரல்.

பூவராகன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். செங்கமலத்தைக் கூட்டிக்கொண்டு அவர் புறப்பட, துணைக்கு அவள் தம்பிகள் வைத்தியும் கோதண்டமும் கிளம்பினார்கள். இருவரும் எதையும் நன்றாக யோசித்துவிட்டுத்தான் தப்பாகச் செய்வார்கள்.

ஓட்டல் ஒரு கட்டடத்தின் உச்சி மாடியில் இருந்தது. விலைப்பட்டியலைப் பார்த்த கோதண்டம் அசந்துபோனான். "மாமா, ஒவ்வொரு பண்டத்துக்கு எதிர்லயும் அதைச் செஞ்சவரோட போன் நம்பர் போட்டிருக்காங்க!"

நால்வரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சர்வர் முறம் அகலத்துக்கு ஒரு தட்டை வைத்தார். நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பச்சையாக ஏதோ ஒன்று.

"உப்பு வெச்சுட்டாங்க" என்றார் பூவராகன் திருப்தியாக.

"பச்சையா இருக்கே மாமா?"

"பணக்கார உப்புடா. சோறு விழாம யாரும் கை வைக்கக் கூடாது. பந்திக்குன்னு ஒரு மரியாதை இருக்கு."

காத்திருந்தார்கள். சர்வர் வந்து, "முடிஞ்சுதா சார்?" என்றார். உட்கார்ந்தால் மட்டும் போதும் என்று சொல்லியிருந்தார்களே! பூவராகன் புன்னகைத்தார். தட்டு போய் அடுத்த தட்டு வந்தது. அதில் ஓரமாகச் சிவப்பில் ஒரு துளி.

"ஊறுகாய்" என்றான் வைத்தி.

அதுவும் போனது. மூன்றாவதில் கொஞ்சம் நுரை.

"இலையை ஏன் மாத்திக்கிட்டே இருக்காங்க?" என்று கேட்டாள் செங்கமலம்.

"நம்ம ஊர்ல இலையில தண்ணி தெளிச்சுத் துடைப்போம். இங்க இலையையே மாத்துறாங்க. விலைக்கேத்த சுத்தம்கா" என்று விளக்கினான் கோதண்டம்.

ஏழாவது தட்டும் வந்து போனது. செங்கமலத்தின் வயிறு போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜைக்காரரே திரும்பிப் பார்த்தார். "பரவாயில்லைங்க, எனக்குப் பழக்கம்தானே" என்று சிரித்தாள். அதே சிரிப்பு. பூவராகனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஏழு தட்டும் தொடாமல் திரும்பியதைக் கண்டு தலைமைச் சமையல்காரர் நீளத் தொப்பியோடு ஓடி வந்தார். "என்ன குறைன்னு சொல்லுங்க சார்!"

"குறையே இல்லீங்க. தொடுகறி எல்லாம் பார்க்க லட்சணமா இருந்துச்சு. சோறு எப்பப் போடுவீங்க?"

சமையல்காரர் தொப்பியைக் கழற்றினார். சமையற்கட்டு ஆட்களுக்காக வடித்த சோறும் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பும் உள்ளே இருந்தன. புதுத் தட்டு போடச் சொல்லிவிட்டு, குண்டானை அவரே தூக்கி வந்தார். "அம்மா வயிறு நிறையாம இங்கேருந்து யாரையும் விடமாட்டேன்!"

தம்பிகள் இருவரும் அதை மனசில் வாங்கிக்கொண்டார்கள்.

செங்கமலம் முதல் கவளத்தை எடுத்தாள். சரியாக அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மேஜைக் கோட்டுக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பூவராகனுக்கு உயிரே போய்விட்டது.

"பந்தி எழுந்திருக்குது! பிடிங்கடா!"

வைத்தி பாய்ந்துபோய் அவரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். கோதண்டம் வாசலில் குறுக்கே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "சமையல்காரர் உத்தரவு. எங்கக்கா வயிறு நிறையுற வரைக்கும் ஒருத்தரும் போகக் கூடாது."

"எனக்குப் பிளைட் இருக்குய்யா!"

"இருக்கட்டும் சார். அது எங்க போயிடப் போகுது?"

ஓட்டல் முழுக்க வாய் பிளந்து உட்கார்ந்திருக்க, செங்கமலம் நிதானமாகச் சாப்பிட்டாள். குழம்பு ஊற்றி ஒரு முறை, மறுசோறு போட்டு ஒரு முறை, கடைசியில் மோர். பிறகு நீளமாக ஒரு ஏப்பம் விட்டாள். பூவராகனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஆனால் இலையை மடிக்காமல் எப்படி எழுந்திருப்பது? செங்கமலம் தட்டின் விளிம்பைப் பிடித்து அமுக்கிப் பார்த்தாள். அது மசியவில்லை.

"நம்ம பக்கமா மடிக்கணும்கா. அந்தப் பக்கம் மடிச்சா துக்க வீடு" என்று எச்சரித்தான் வைத்தி.

"வட்டமா இருக்கேடா, இதுல எது நம்ம பக்கம்?"

"நீ உட்கார்ந்திருக்கிற பக்கம்."

"அப்ப எதிர்ல உட்கார்ந்திருக்கிற இவருக்கு?"

எல்லாரும் யோசித்தார்கள். இருபத்தைந்து வருஷம் பொறுத்த பூவராகனுக்கு இனி பொறுமை இல்லை. தட்டை மேஜை விளிம்பில் வைத்து ஒரே அழுத்து அழுத்தினார். படீரென்று இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதியை எடுத்து, மற்றதன் மேல் பயபக்தியோடு செங்கமலத்தின் பக்கமாகக் கவிழ்த்து வைத்தார்.

"மடிஞ்சிருச்சு!" என்று பூரித்தாள் செங்கமலம். "கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டாச்சுங்க!"

அவள் எழுந்ததும் கோட்டுக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். பூவராகன் அவர் கையைப் பாசத்தோடு பிடித்துத் திரும்பவும் மேஜைக்கே கூட்டி வந்தார்.

"எவ்வளவு அவசரமா இருந்தாலும், மடிச்சுட்டுப் போங்க சார்."